லண்டனில் முழுநீளப் படம், நடிக்கிறவர்கள் எல்லாரும் புதியவர்கள்: எதை எப்படித் திட்டமிடுவது?

கடைமாடி (கேள்வி)

வணக்கம். கிழக்கு லண்டனில் 85 நிமிடப் படம் ஒன்று எடுக்கத் திட்டம். ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை, அதற்கு மேல்மாடியில் இருக்கிற ஒரு குடும்பம், இவ்வளவுதான் கதைக்களம். நடிக்கப்போகிறவர்களில் ஒருவரும் இதற்கு முன் கமெரா முன்னால் நின்றதில்லை. கடையில் உண்மையாகவே வேலை செய்கிற ஒருவர், கடை முதலாளி, 70 வயது தாண்டிய அம்மம்மா, 10 வயதுப் பிள்ளை, பல்கலைக்கழக மாணவர் இருவர். யாழ்ப்பாணத் தமிழும் ஆங்கிலமும் கலந்து கதைப்பார்கள்.

முழுத் திரைக்கதையையும் கையில் கொடுத்து ஒத்திகை வைக்கலாமா? சத்தத்தைப் பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார், சரியா? எல்லாருக்கும் வேலை இருப்பதால் வார இறுதிகளில் மட்டும் எடுக்கத்தான் யோசனை. அனுமதி, ஒப்பந்தம், காப்புறுதி பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கோ. கேமராவும் லென்சும் சொந்தமாக இருக்கு.

---

துணைஇயக்கம்

தம்பி, முழுத் திரைக்கதையைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இரவிரவாகப் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். பிறகு எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, தன் வரி எப்போது வரும் என்று காத்து நிற்பார்கள். அந்தக் காத்திருப்பு கண்ணில் அப்படியே தெரியும், எடிட்டிங்கில் அதை எடுக்க வழியே இல்லை.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள்: இந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது, எதிரில் இருப்பவரிடம் இப்போது உங்களுக்கு என்ன வேண்டும், அது ஏன் இன்றைக்கே வேண்டும். சம்பள முன்பணம் கேட்கும் காட்சி என்று வையுங்கள். வேலை செய்பவரிடம், "ஊரில தங்கச்சிக்கு இண்டைக்கு பின்னேரத்துக்குள்ள காசு போகவேணும், நேரடியாக் கேட்டா முதலாளி மறுப்பார்." முதலாளியிடம், "மொத்தக் கடைக்காரனுக்கு இண்டைக்குக் கட்டவேணும், கல்லாவில இருக்கிறது காணாது." அவன் காசு கேட்கப்போகிறான் என்று முதலாளிக்குச் சொல்லவே கூடாது. கதை நகர்வதற்கு அவசியமான வரிகள் காட்சிக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும். தொகை, பெயர், நாள் மாதிரி. அவற்றைக் கட்டாய வரி என்று குறித்துக் கொடுங்கள். மீதியை அவர்கள் தங்கள் வாயால் பேசட்டும். யாழ்ப்பாணப் பேச்சை நீங்கள் எழுதிக் கொடுத்தால் எழுத்துச் சாயல் ஒட்டிக்கொள்ளும், அவர்கள் பேசினால் சுத்தமாக வரும்.

பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் பெரும்பாலும் கதை வரிசையிலேயே எடுப்பார், நடிகர்களுக்குக் காட்சிகளைத் துண்டு துண்டாகத்தான் கொடுப்பார். பொதுவாக அது செலவான முறை, லொகேஷனுக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டியிருக்கும். உங்களுக்குக் கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் செலவே இல்லாமல் செய்யலாம். முழுக்க முடியாவிட்டாலும் முதலாளிக்கும் வேலைக்காரருக்கும் உறவு கசக்கிற காட்சிகளையாவது வரிசையில் எடுங்கள்.

கைக்கு வேலை கொடுங்கள். சும்மா நிற்கச் சொன்னால் கை எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பார்கள். ஆனால் எந்த வேலை என்பதில் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போவது, மாட்டிக்கொள்ளும். பச்சை மிளகாயைப் பைகளில் நிறுத்துக் கட்டினால் டேக்குக்கு டேக் பைகளின் எண்ணிக்கை மாறும், ஷாட்டுகளை ஒட்டும்போது குவியல் கூடிக் குறையும். மேசை துடைப்பது, சில்லறை எண்ணுவது, விலை ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரி, எங்கே வெட்டினாலும் அளவு தெரியாத வேலையாக இருந்தால் நல்லது.

தரையில் டேப் ஒட்டி "இங்கே வந்து நில்லுங்கள்" என்றால் எல்லாரும் குனிந்து டேப்பைத் தேடுவார்கள். "கல்லா மூலைக்கு வாங்கோ", "அரிசி மூட்டையில சாயுங்கோ" என்று பொருளைச் சொல்லுங்கள். அப்படியும் அரை அடி தவறும். அதற்கு லென்சில் இடம் வைக்கவேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 மிமீ லென்ஸ், ஆள் 2 மீட்டரில். லென்ஸ் துவாரத்தை எஃப் 2 என்று அகலமாகத் திறந்து வைத்தால் தெளிவாக இருப்பது சுமார் 1.8 முதல் 2.2 மீட்டர் வரைதான், ஆள் சற்றுச் சாய்ந்தால் போச்சு. எஃப் 5.6 என்று சுருக்கினால் 1.6 முதல் 2.7 வரை கிடைக்கும். பின்னணி மங்கலாக அழகாக இருக்கவேண்டும் என்ற ஆசையை இந்தப் படத்துக்கு விடுங்கள். கடை அலமாரிகள் தெரிவதும் கதைதானே.

ஒத்திகை என்று சொல்லிக்கொண்டே கேமராவை ஓடவிடுங்கள், முதல் டேக்தான் பெரும்பாலும் உயிருள்ளது. கிளாப்பை முகத்துக்கு முன்னால் அடித்து "ஆக்‌ஷன்" என்று கத்தினால் தோள் இறுகிவிடும். காட்சி முடிந்தபின் கிளாப்பைத் தலைகீழாகப் பிடித்து அடியுங்கள், அது முடிவுக் கிளாப் என்று எடிட்டருக்குப் புரியும். தொடங்குவதற்கு மெதுவாக ஒரு தலையசைப்புப் போதும்.

நான்கைந்து டேக்குக்கு மேல் போனால் தாங்கள் முன்பு செய்ததையே நடித்துக் காட்டத் தொடங்குவார்கள். அங்கே நிறுத்தி, ஒருவருக்கு மட்டும் புதிதாக ஒரு தகவலைச் சொல்லி மறுபடி எடுங்கள். ஒருபோதும் நீங்கள் நடித்துக் காட்டாதீர்கள். உங்களைத்தான் பின்பற்றுவார்கள். எடுத்ததை மானிட்டரில் போட்டுக் காட்டவும் வேண்டாம். ஒருமுறை பார்த்தால் அடுத்த நாளிலிருந்து முகத்தைப் பற்றியே நினைப்பு.

---

பூம்கோல்

டப்பிங் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள் சார். தமிழ் சினிமாவில் அந்தப் பழக்கம் நீண்டகாலமாக இருப்பதால் எல்லாரும் எளிது என்று நினைக்கிறார்கள். தன் உதட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே அதே மூச்சில் பேசுவது தொழில்முறைப் பயிற்சி. புதியவர்களுக்கு வரி பொருந்தினால் உணர்ச்சி போகும், உணர்ச்சி வந்தால் உதடு பொருந்தாது. அதுவும் வரியை அவர்களே சொந்தமாகப் பேசியிருந்தால் எந்த எழுத்தும் கையில் இருக்காது.

ஆளுக்கு ஒரு லேப்பல் (உடுப்பில் பொருத்தும் சிறு மைக்), மேலே ஒரு பூம் (நீண்ட கோலில் பிடிக்கும் மைக்), ஒவ்வொன்றும் தனித் தடத்தில். புதியவர்கள் ஒருவர் பேச்சில் மற்றவர் விழுந்து பேசுவார்கள், அதுதான் அழகு. தடங்கள் தனித்தனியாக இருந்தால் மட்டுமே அதை மிக்ஸிங்கில் கையாள முடியும். ரெக்கார்டர் 32 பிட் ஃப்ளோட் (மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒன்றாகத் தாங்கும் பதிவு முறை), 48 கிலோஹெர்ட்ஸ். சாதுவாகப் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று கத்தினாலும் ரெக்கார்டரில் பதிவு உடையாது. ஆனால் 32 பிட் இருக்கிறதே என்று மைக்கைத் தள்ளி வைக்காதீர்கள், தூரத்தால் வரும் எதிரொலியை அது குறைக்காது.

வயர்லெஸ் மைக்கை ஊரிலிருந்து கொண்டுவந்தால் எந்த அலைவரிசை என்று பாருங்கள். பிரிட்டனில் 863 முதல் 865 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சேனல் 38 என்கிற 606.5 முதல் 613.5 வரை உள்ள பட்டைக்கு ஆஃப்காமிடம் (பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) உரிமம் வாங்கவேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குகளுக்கு உரிமம் வேண்டாம், ஆனால் கடைத்தெருவில் வைஃபை நெரிசலில் சிக்னல் அறும். ஆளிடமிருந்து ரிசீவரை அலமாரிகள் மறைக்காமல் வையுங்கள்.

உங்கள் பெரிய எதிரி கடையின் குளிர்ப்பெட்டிகள். வீட்டு ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு கார் சாவியை அதற்குள் வைப்பது பழைய வழி, திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கடையில் அது சரிப்படாது. இங்கிலாந்தில் குளிரூட்ட வேண்டிய உணவு 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பது சட்டம், மீன் பெட்டியையும் பால் பெட்டியையும் நாள் முழுக்க அணைக்க முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். லொகேஷன் பார்க்கப் போகும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசுகிற காட்சிகளைப் பெட்டிகளுக்குத் தள்ளி, அரிசி மூட்டைகள் அடுக்கிய பக்கம் வையுங்கள். மூட்டைகள் சத்தத்தை நன்றாக உறிஞ்சும். மற்ற காட்சிகளுக்குக் கம்ப்ரசர் ஓடும்போது ஒரு நிமிடம், நிற்கும்போது ஒரு நிமிடம் என்று இரண்டு ரூம் டோனும் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தம்) தனித்தனியே எடுங்கள். ஒரு ஷாட்டில் இரைச்சல் இருந்து அடுத்ததில் இல்லாவிட்டால் வெட்டு காதில் இடிக்கும். ரூம் டோன் இருந்தால் இரண்டையும் சமப்படுத்தலாம்.

மாடியில் தரைவிரிப்பு இருக்கும், பிரச்சினை இல்லை. சமையலறைதான் எதிரொலிக்கும். கேமராவில் தெரியாத சுவரில் இரண்டு தடித்த போர்வை தொங்கவிட்டால் போதும். குளிர்கால ஜாக்கெட் நைலான் என்றால் லேப்பல் உரசும், கம்பளியோ பருத்தியோ உடுத்தச் சொல்லுங்கள். அம்மம்மாவுக்குச் சேலை மடிப்புக்குள் வைப்பதைவிடப் பிளவுஸின் உட்பக்கம் மருத்துவ டேப்பால் ஒட்டி, கேபிளில் ஒரு சிறு வளையம் விட்டு அதையும் ஒட்டுங்கள். மைக்கைப் பெண் ஒருவர்தான் பொருத்தவேண்டும், குழுவில் அதற்கு ஆள் வையுங்கள்.

கடையில் ஓடுகிற பாட்டையும் டிவியையும் முதல் நாளே நிறுத்துங்கள். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு பதிவாகிவிட்டால் உரிமை வாங்கவேண்டும், வசனத்திலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பதும் கடினம்.

---

கால்ஷீட்

லண்டனில் தயாரிப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில், பேப்பர் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

மாணவர்கள் எந்த விசாவில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக்கூடாது, கலைநிகழ்ச்சித் தொழிலிலும் ஈடுபடக்கூடாது. பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடகாலத்தில் வாரம் 20 மணி நேர வேலை வரம்பும் உண்டு. சம்பளம் கொடுக்கவில்லை என்பதால் மட்டும் தப்ப முடியாது, சம்பளமில்லாத வேலையும் வேலைதான். உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதல் முறையிலேயே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை தண்டம், 2024 பெப்ரவரியிலிருந்து இந்தத் தொகை. உங்களைவிட அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம், விசாவே போகலாம். தஞ்சம் கோரிக் காத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கு: முகமும் குரலும் திரையில் வந்தால் ஊரில் இருக்கிற குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் ஒரு ஷாட்டும் வைக்காதீர்கள்.

பிள்ளைக்கு, அது குடியிருக்கிற பகுதியின் கவுன்சிலில் நடிப்பு உரிமம். குறைந்தது 21 நாள் முன்னதாக விண்ணப்பிக்கவேண்டும். பள்ளி நாள் தவறுமானால் தலைமையாசிரியரின் சம்மதக் கடிதமும். 9 வயதுக்கு மேல் என்றால் படப்பிடிப்பிடத்தில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 9.5 மணி நேரம், அதில் நடிப்பு 5 மணி நேரம், இரவு 11க்கு மேல் இருக்கக்கூடாது. தாயோ தகப்பனோ கூடவே இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்ளலாம், வேறு ஆள் என்றால் கவுன்சில் அங்கீகரித்த பராமரிப்பாளர்தான். மாமியோ சித்தியோ செல்லாது.

சம்பளம்: நேரம் சொல்லி வரவழைத்து, நீங்கள் சொன்னபடி செய்ய வைத்தால் அவர் சட்டப்படி பணியாளர் ஆகிவிட வாய்ப்பு அதிகம், "தன்னார்வலர்" என்று தாளில் எழுதிவிட்டால் மாறாது. 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். அந்தக் கணக்கில் பத்து மணி நேர நாளுக்கு ஆளுக்கு 122 பவுண்டு. அந்தப் பணம் இல்லையென்றால் நாட்களைக் குறையுங்கள், ஆட்களை ஏமாற்றாதீர்கள்.

காப்புறுதி இரண்டு வேண்டும். பணியாளர் காப்புறுதி சட்டப்படி கட்டாயம், குறைந்தது 50 இலட்சம் பவுண்டுக்கு. பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதியைத் தெருவில் எடுக்க விண்ணப்பிக்கும்போது கவுன்சில் கேட்கும். தொகையை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பாலிசி எடுங்கள். ஒவ்வொரு பரோவுக்கும் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) தனிப் படப்பிடிப்பு அலுவலகம், அந்தப் பட்டியல் ஃபிலிம் லண்டன் என்ற திரைப்பட அமைப்பின் தளத்தில் கிடைக்கும். சுரங்க ரயில், பேருந்து என்றால் போக்குவரத்து நிறுவனத்திடம் தனி அனுமதி. காவல் சீருடையோ போலி ஆயுதமோ காட்சியில் இருந்தால் பொலிசுக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் வெளியே எடுக்காதீர்கள்.

நாட்காட்டி விஷயம். வார இறுதி என்பது கடைக்காரருக்கு வியாபார நாள். உங்கள் கடையில் திங்களும் செவ்வாயும்தான் கூட்டம் குறைவாக இருக்கும், விசாரியுங்கள். பிள்ளைக்குச் சனி காலை தமிழ்ப் பள்ளி. நவம்பர் 27 மாவீரர் நாள், அன்றைக்கு நம் ஆட்கள் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரம் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. கந்தசஷ்டி நோன்பு நாட்களில் அம்மம்மாவுக்கு நீண்ட காட்சி வைக்காதீர்கள்.

இரவுக் காட்சிகளைக் குளிர்காலத்தில் எடுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும், ஐந்து முதல் எட்டு வரை எடுத்துவிட்டுப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம். ஜூனில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் மறைவு, இருட்டும்போது 11 மணி வரம்பு வந்துவிடும். ஆனால் டிசம்பரில் பகல் எட்டே மணி நேரம் என்பதால் கடை வாசலும் கண்ணாடியும் தெரிகிற பகல் காட்சிகளை ஒரே வாரத்தில் கட்டிவிடுங்கள், பல மாதங்களுக்குப் பரப்பினால் வெளிச்சம் ஒட்டாது.

---

கடைமாடி

மிக்க நன்றி அண்ணாமார். மாணவர்களில் ஒருவர் மாணவர் விசாவில்தான் இருக்கிறார், அந்தப் பாத்திரத்துக்கு இங்கே பிறந்த ஒரு பிள்ளையைத் தேடுகிறேன். இரண்டு கேள்வி. இரண்டு கேமரா வைத்தால் நல்லதா? இடையில் யாராவது வராமல் விட்டால் என்ன செய்வது?

---

துணைஇயக்கம்

இரண்டு கேமரா வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே பேச்சு மறுபடி வராது என்பதால் இருவர் முகமும் ஒரே டேக்கில் வேண்டும்.

---

பூம்கோல்

இதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரெதிரே இரண்டு கேமரா வைத்தால் ஒன்றில் பூம் தெரியும், வெளிச்சமும் இருவருக்கும் சமரசமாகிவிடும். வைத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றில் 35 மிமீ, இன்னொன்றில் 85 மிமீ லென்ஸ். அகல ஷாட்டில் பூமுக்கு எவ்வளவு உயரம் கிடைக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதை முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்று, சேமிப்பு. வினாடிக்கு 100 மெகாபிட் பதிவு என்றால் மணிக்கு 45 ஜிபி. ஒரு நாளில் கேமராவுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டுக்கும் 270 ஜிபி. 18 நாள் எடுப்பதாக வைத்தால் ஏறக்குறைய 4.9 டிபி, அதை இரண்டு பிரதி. ஒரு பிரதி கடையிலும் மற்றது வேறு வீட்டிலும் இருக்கட்டும், செக்சம் (நகல் அசலோடு அப்படியே ஒத்திருக்கிறதா என்ற சரிபார்ப்பு) பார்க்கிற மென்பொருளால் மட்டும் நகலெடுங்கள்.

வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். திரையரங்குக்கும் விழாக்களுக்கும் 24 என்றால் ஷட்டர் 172.8 டிகிரி, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கடையின் டியூப்லைட் அப்போதுதான் மினுக்காது. 25இல் எடுத்துப் பிறகு 24க்கு மாற்றினால் 85 நிமிடம் 88 அரை ஆகும், குரலும் தடிக்கும். மலிவான எல்இடி விளம்பரப் பலகைகள் சில எந்த ஷட்டருக்கும் அடங்காது, சோதனை ஷாட் எடுத்துப் பார்த்து அணைக்கச் சொல்லுங்கள்.

---

கால்ஷீட்

வராமல் விடுவதைப் பற்றி. ஒப்புதல் படிவத்தில் முதல் நாளுக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். முகம், குரல், சொந்தமாகப் பேசிய வசனம் எல்லாவற்றையும் உலகம் முழுவதும் எந்த ஊடகத்திலும் பயன்படுத்தலாம், படத்தை விளம்பரப்படுத்தலாம், எடிட் செய்யலாம் என்று தெளிவாக இருக்கவேண்டும். வசனத்தை அவர்களே உருவாக்குவதால் அந்த உரிமையும் மாறுகிறது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். விற்கப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். அம்மம்மாவுக்குப் படிவத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், பக்கத்தில் பிள்ளைகளில் ஒருவர் இருக்கட்டும். 10 வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்து.

ஆனால் படிவம் ஒருவரை இழுத்து வந்து நிறுத்தாது. வேலை மாறும், ஊரில் சாவு விழும், உடம்புக்கு முடியாமல் போகும். அதனால் படத்தைத் தாங்குகிற காட்சிகளை முதல் மூன்றில் ஒரு பங்கு நாட்களுக்குள் முடிக்கப் பாருங்கள். துணைஇயக்கம் சொன்ன கதை வரிசையோடு இது சில இடங்களில் மோதும், அந்த இடங்களில் நான் பாதுகாப்பைத்தான் தேர்வேன். ஒருவர் இல்லாமலும் காட்சி நடக்கும்படி தொலைபேசியில் பேசுவது, மாடியிலிருந்து குரல் மட்டும் வருவது என்று இரண்டு மூன்று மாற்றுவழிகளைத் திரைக்கதையிலேயே வையுங்கள். அதற்குத் தேவையான குரலை ஆரம்பத்திலேயே பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். ஒவ்வோர் உடுப்பிலும் இரண்டு வாங்கி, பெயர் எழுதிய பையில் தயாரிப்புக் குழுவே வைத்திருக்கவேண்டும். கொண்டுபோனால் துவைத்து நிறம் மங்கி வரும், அல்லது அதை உடுத்திக்கொண்டே கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள். முடிவெட்டு, தாடி, மீசை, நகப்பூச்சு எதையும் கேட்காமல் மாற்றக்கூடாது என்று படிவத்தோடு ஒரு தாள் கொடுங்கள், படப்பிடிப்புக்கு முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் முகப்படம் ஒன்று கேட்டு வாங்குங்கள். மாறியிருந்தால் எந்தக் காட்சியை மாற்றுவது என்று யோசிக்க ஓர் இரவு கிடைக்கும்.